லேசர் சனிக்கிழமைகள்

ஜூன் 10, செவ்வாய்

ஈறு டாக்டர் ஒரு நோட்டுப் போடச் சொல்லியிருக்கிறார். பல் தேய்க்கும்போது ரத்தம் வந்ததா, எந்தப் பக்கம், வலி இருந்ததா, என்ன சாப்பிட்டேன் என்பதையெல்லாம் தேதி போட்டு எழுதிக்கொண்டு வர வேண்டுமாம். மகள் யாழினி பள்ளிக்கூடத்தில் நாலு பக்கம் மட்டும் எழுதிவிட்டுப் போட்ட நோட்டு ஒன்று அலமாரியில் கிடந்தது. அவள் இப்போது சேலத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். நோட்டைக் கேட்க மாட்டாள்.

டாக்டரிடம் போன காரணம் இது. ஞாயிற்றுக்கிழமை ஒரு கொய்யாக்காயைக் கடித்தேன். கீழ்வரிசை முன்பல் ஒன்று அதோடு சேர்ந்து அசைந்தது. நாக்கால் தள்ளிப் பார்த்தேன், ஆடியது. ஏழு வயதில் பல் ஆடினால் சந்தோஷம். நாற்பத்தேழு வயதில் பயம். மீதிக் கொய்யாவைக் குப்பையில் போட்டுவிட்டு அன்று முழுக்க யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மருந்துக்கடை மாடியில் பல் ஆஸ்பத்திரி. ஈறு வைத்தியத்துக்கென்று டாக்டர் மெஹர்னிசா செவ்வாயும் சனியும் கோயம்புத்தூரிலிருந்து வருகிறார். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விட்டு, ஒவ்வொரு பல்லாக எண் சொல்லிக்கொண்டே போனார். நர்ஸ் எழுதிக்கொண்டாள். மூன்று, மூன்று, நான்கு. அப்புறம் ஆறு, ஏழு, ஆறு. நான் இருபத்தொரு வருடமாகக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவள். எண்களைக் கேட்டுப் பயப்படுகிற ஆள் கிடையாது. ஆனாலும் ஏழு என்று சொன்னபோது நர்ஸ் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்ததைக் கவனித்தேன்.

ஈறு சட்டைக் காலர் மாதிரி பல்லைச் சுற்றி இறுக்கமாக இருக்க வேண்டுமாம். மூன்று மில்லிமீட்டர் வரை இடைவெளி இருந்தால் பரவாயில்லை. எனக்கு அது பை மாதிரி தொங்கிவிட்டது. பைக்குள் கிருமி சேர்ந்து, அடியில் எலும்பைக் கரைத்துக்கொண்டிருக்கிறது. மேல்வரிசை வலது பக்கக் கடைவாய்ப்பல் ஒன்று இனித் தேறாது, எடுத்துவிட வேண்டும். மற்றவற்றை ஆழமாகச் சுத்தம் செய்து, பைக்குள் லேசர் கொடுத்தால் காப்பாற்றலாம் என்றார். 

வாய் விஷயமாக வீட்டில், வேலை செய்கிற இடத்தில் யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டார். இல்லை, போன வருடம்தான் பார்த்தேன் என்றேன். எதற்கும் இன்னொரு முறை ரத்தப் பரிசோதனை செய்து ரிப்போர்ட்டோடு வாருங்கள், அதைப் பார்த்துத் தேதி கொடுக்கிறேன் என்றார்.

ஜூன் 11, புதன்

காலையில் ரத்தம், கீழே இடது பக்கம். மாலையில் கொஞ்சம். வலி இல்லை. இட்லி, ரசம் சாதம், ஒரு வாழைப்பழம்.

ஜூன் 13, வெள்ளி

ரத்தம் உண்டு. வலி இல்லை.

கடையில் இன்று கூட்டம். ஏப்ரல் மாதத்திலிருந்து நான் பரிசோதனை அறையில் உட்காருவதில்லை. பின்பக்கம் லென்ஸ் ஆர்டர் சரிபார்க்கிற மேஜைக்கு வந்துவிட்டேன். உங்கள் கையெழுத்து சுத்தம், நீங்கள் பார்த்தால் ஆர்டரில் தப்பு வராது என்று முதலாளி தண்டபாணி சார் சொன்னார். அது உண்மைதான். கண் பார்ப்பது இப்போது ஸ்ருதிகா. இருபத்தாறு வயது, நல்ல பெண். அவசரம் கொஞ்சம் அதிகம்.

எனக்கும் அந்த அறை அலுத்துவிட்டது. இப்போது வருகிறவர்களுக்குப் பொறுமை கிடையாது. சோதனை பிரேமை மாட்டிவிட்டு லென்ஸ் மாற்ற முகத்துக்கு அருகே குனிந்தால் தலையைப் பின்னால் சாய்க்கிறார்கள். சாய்த்தால் பவர் எப்படிச் சரியாக வரும்? போன மார்ச்சில் ஒரு பெண்மணி பாதியிலேயே எழுந்து போய்விட்டார். தலை சுற்றுகிறது என்றார். 

கொரோனா போன பிறகும் நான் முகக்கவசத்தை விடவில்லை. எனக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது.

மார்ச் கடைசியில் ஸ்ருதிகா இரண்டு முறை என் மேஜையில் புதினா மிட்டாய்ப் பாக்கெட் வைத்துவிட்டுப் போனாள். எனக்குப் புதினா பிடிக்காது. அவள் பக்கமே தள்ளி வைத்துவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

டாக்டர் படிக்கப்போகிற நோட்டில் கடைக் கதையெல்லாம் எழுதிவிட்டேன். பரவாயில்லை. ரத்தம், வலி, சாப்பாடு மட்டும் தனித்தாளில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டிக்கொள்ளலாம். இது என்னோடு இருக்கட்டும்.

அவருக்கு இன்று வார விடுமுறை. அவர் என்று நான் எழுதுவது என் வீட்டுக்காரர் நாச்சிமுத்துவை. அரசு பஸ் டிப்போவில் மெக்கானிக். காலையில் கிணற்று மோட்டாரைக் கழற்றிப் போட்டார், மதியம் பூட்டினார். நாலு வார்த்தை பேசியிருப்பாரா என்பது சந்தேகம். போன தீபாவளியிலிருந்து அவர் ஹாலில் படுக்கிறார். விடிகாலை ஷிப்ட்டுக்கு எழுந்தால் என் தூக்கம் கெடுகிறதாம். இந்த மாதம் முழுக்க மதிய ஷிப்ட்தான். பழக்கமாகிவிட்டது போலிருக்கிறது.

பல் டாக்டரிடம் போனது அவருக்குத் தெரியாது.

ஜூன் 17, செவ்வாய்

ரத்தம் உண்டு. கடையில் வேலை அதிகம். பரிசோதனைக்குப் போக முடியவில்லை.

ஜூன் 19, வியாழன்

லேப் வாசல் வரைக்கும் போனேன். வரிசை இருந்தது. மூன்று பேர். சந்தை நாள், கடைக்கு நேரமாகிவிடும் என்று திரும்பிவிட்டேன்.

ஜூன் 21, சனி

பல் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் போன் செய்தாள். ரிப்போர்ட் வந்ததா என்று டாக்டர் கேட்கிறாராம். திங்கட்கிழமை என்றேன்.

இந்த நோட்டை வேறு யாரும் பார்க்கப்போவதில்லை என்பதால் எழுதுகிறேன். போன வருடம் சர்க்கரை பார்த்தேன் என்று டாக்டரிடம் சொன்னது பொய். எந்த வருடமும் பார்த்ததில்லை. 

எங்கள் அப்பாவுக்கு ஐம்பது வயதில் ஒரு பல் எடுத்தார்கள். எடுத்த இடம் ஆறவே இல்லை. வாரக்கணக்கில் பஞ்சை வைத்துக்கொண்டு கெட்டியாக எதுவும் சாப்பிட முடியாமல் கஞ்சி குடித்தார். ஏன் ஆறவில்லை என்று பார்த்தபோதுதான் சர்க்கரை முற்றிப்போனது தெரிந்தது. ஆறு வருடம் கழித்து வலது காலைப் பாதத்துக்கு மேலே எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் அவருடன் இருந்தது நான்தான். காலை எடுத்த பிறகும் பாதம் அரிக்கிறது, சொறிந்துவிடு என்று என்னிடம் கேட்பார். நான் போர்வைக்கு மேல் வெறும் மெத்தையைச் சொறிவேன்.

ஐந்து வருடமாக என் ஈறில் ரத்தம் வருகிறது. ரத்தப் பரிசோதனை என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்றுதான் எந்த டாக்டரிடமும் போகவில்லை.

ஜூன் 23, திங்கள்

காலையில் வாஷ்பேசினைக் கழுவாமல் வந்துவிட்டேன். அவர் பல் தேய்க்கப் போனவர் அங்கிருந்தே கூப்பிட்டார். இது யாருடைய ரத்தம் என்று கேட்டார். வீட்டில் இருப்பதே இரண்டு பேர். என்னுடையது என்றேன். எத்தனை நாளாக என்றார். நாள் கணக்கு சொல்ல முடியாது என்றேன்.

பல் டாக்டரிடம் போய்விட்டு வந்ததையும் சொன்னேன். சட்டையைப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார். டாக்டர் என்ன சொன்னார் என்று போகும்போது கேட்டார், ரத்தப் பரிசோதனை என்று முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னேன். லேப்பில் ஊசி குத்தும்போது அவர் என் பக்கத்தில் நின்று, சுவரில் ஒட்டியிருந்த விலைப்பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தார். அப்பாவின் கதை அவருக்குத் தெரியும்.

ஜூன் 24, செவ்வாய்

சர்க்கரை இருக்கிறது.

மூன்று மாதச் சராசரி 7.4 என்று வந்திருக்கிறது. பார்த்ததும் லேப் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு சர்க்கரை டாக்டரிடம் காட்டினோம். வெள்ளை முடி, அதட்டாத குரல். ஆரம்பத்திலேயே மாட்டிக்கொண்டது என்றார். காலையும் மாலையும் ஒரு மாத்திரை, தினம் நாற்பது நிமிட நடை, தட்டில் சாதத்தைப் பாதியாக்கிக் காய்கறியைக் கூட்ட வேண்டும். என் பாதம் இரண்டையும் தொட்டுப் பார்த்து, மெல்லிய நைலான் இழை ஒன்றால் அங்கங்கே அழுத்தி உணர்ச்சி தெரிகிறதா என்று கேட்டார். எல்லா இடத்திலும் தெரிந்தது. பாதம் சுத்தமாக இருக்கிறது என்றார். 

அந்த வாக்கியத்தைக் கேட்ட பிறகு எனக்குப் பசித்தது. காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஐந்து வருடம் பயந்த விஷயம் கையில் ஒரு மாத்திரை அட்டையாக இருந்தது.

மாலையில் டாக்டர் மெஹர்னிசாவிடம் போனோம். சர்க்கரையும் ஈறும் ஒன்றை ஒன்று கெடுக்கும், ஒன்று தேறினால் மற்றதும் தேறும் என்றார். போன வருடம் பார்த்ததாகச் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டேன். தெரியும் என்று சிரித்தார். ஜூலை முதல் தேதி கடைவாய்ப்பல்லை எடுத்துவிட்டுச் சுத்தம் செய்வது. பன்னிரண்டும் பத்தொன்பதும், இரண்டு சனிக்கிழமை லேசர்.

ஜூலை 1, செவ்வாய்

பல் போயிற்று. ஊசி போட்டதுதான் வலித்தது. எடுத்த பல்லை டாக்டர் கையில் வைத்துக் காட்டினார், வேர் முழுக்கக் கறுத்திருந்தது. கீழ்வரிசையையும் மேல்வரிசையையும் மரக்கவைத்துச் சுரண்டினார்கள். பாறையை உடைக்கிற மாதிரி தலைக்குள் சத்தம்.

ஜூலை 2, புதன்

எடுத்த இடத்தைக் கண்ணாடியில் ஒன்பது முறை பார்த்தேன்.

ஜூலை 5, சனி

ஆறுகிறது. டார்ச் அடித்து அவரையும் பார்க்கச் சொன்னேன். ஒழுங்காய்த்தான் இருக்கிறது என்றார்.

ஜூலை 8, செவ்வாய்

டாக்டரும் பார்த்துவிட்டார். முழுக்க மூடிவிட்டது. அப்பாவுக்கு ஆகாதது எனக்கு ஒரு வாரத்தில் ஆகிவிட்டது. படியிறங்கும்போது பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வருத்தத்தால் அல்ல என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஜூலை 12, சனி

முதல் லேசர், வலது பக்கம்.

அவர் லீவு போட்டுக்கொண்டு கூடவே வந்தார். வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன், காதில் வாங்கவில்லை. 

லேசர் மிஷின் ஒரு டிபன் பாக்ஸ் அளவுதான். அதிலிருந்து தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமனான கண்ணாடி இழை ஒன்று வருகிறது. நுனியில் சிவப்பு வெளிச்சம். எனக்கும் டாக்டருக்கும் நர்ஸுக்கும் பச்சைக் கண்ணாடி. எனக்குக் கொடுத்ததில் மூக்குத்தாங்கி வளைந்து ஒரு பக்கம் இறங்கி நின்றது. கழற்றி, விரலாலேயே நிமிர்த்திச் சரிசெய்து மாட்டிக்கொண்டேன். இன்னும் இரண்டு இருக்கிறது, அதையும் பார்த்துத் தருகிறீர்களா என்று டாக்டர் கேட்டார். வாய் மரக்கும் வரை காத்திருந்த நேரத்தில் மூன்றையும் சரிசெய்தேன். பயம் எப்போது போனது என்று தெரியவில்லை.

டாக்டர் காலால் பெடலை அழுத்தும்போதெல்லாம் மிஷின் பீப் பீப் என்றது. வலி இல்லை. சின்ன வெதுவெதுப்பு, அவ்வளவுதான். முடி கருகுகிற மாதிரி ஒரு வாசம் வந்தது. பைக்குள் கெட்டுப்போன சதையும் கிருமியும் போகிறது என்றார். லேசர் பாதி வேலைதான் செய்யும், மீதிப் பாதி உங்கள் கையில் இருக்கிற பிரஷ் செய்ய வேண்டும் என்றும் சொன்னார்.

முடிந்ததும் பஞ்சைக் கடித்துக்கொண்டு அரை மணி நேரம் வெளியே உட்காரச் சொன்னார்கள். வாயைத் திறக்கக் கூடாது. பெஞ்சில் நானும் அவரும் மட்டும். கீழே தெருவில் காற்று தட்டிகளை ஆட்டிக்கொண்டிருந்தது. 

நான் பேச முடியாது என்று தெரிந்ததாலோ என்னவோ, அவர் பேசினார்.

"துளசி, ஒன்னு கேக்கோணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டு இருக்கறேன். என்ற மேல ஏதாச்சும் கோவமா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்பறம் ஏன் பேச்சே கொறஞ்சு போச்சு? கிட்ட வந்தா மூஞ்சியத் திருப்பிக்கற. ஊட்டுக்குள்ளயும் அந்த மாஸ்க்கு. சிரிச்சு ஒரு வருசமாச்சு. நாந்தான் என்னமோ பண்ணிப்போட்டேன், என்னன்னுதான் தெரீல. சரி, கண்ணுல படாம இருந்தாலாச்சும் உனக்கு நிம்மதியா இருக்கும்னுதான் ஹால்ல படுத்தேன்."

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். விடிகாலை ஷிப்ட் என்று அவர் சொன்னதை நான் ஒரு நாளும் நம்பியதில்லை. வேறு காரணம் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அந்தக் காரணத்தை இந்த நோட்டில்கூட நான் எழுதவில்லை. 

மடியில் மருந்துச் சீட்டு இருந்தது. பையிலிருந்து பேனாவை எடுத்து அதன் பின்பக்கத்தில் எழுதி அவரிடம் நீட்டினேன். வாய் நாற்றம். இரண்டே வார்த்தை.

அவர் அதைத் தூர வைத்து, கிட்ட வைத்துப் படித்தார். அவருக்கு வாசிக்கக் கண்ணாடி தேவைப்படுகிறது, அதைக்கூட நான் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அடிச்சுது. இல்லைன்னு சொன்னாப் பொய்யி. அதுக்குன்னு யாராச்சும் பொண்டாட்டிய உட்டுட்டு வெளிய போய்ப் படுப்பாங்களா? இருவத்தி மூனு வருசமா என்ற மேல டீசல் நாத்தம். ஒரு நாளாச்சும் வெளிய படுன்னு நீ சொல்லியிருக்கறயா?"

பஞ்சைக் கடித்துக்கொண்டு அழுவது கஷ்டம். மூக்கால் மட்டும் மூச்சு விட வேண்டியிருக்கிறது. நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டு, வலிக்கிறதா அம்மா, டாக்டரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டாள். எனக்குப் பதில் அவர்தான் சொன்னார்.

"வலியெல்லாம் இல்லீங்க. சரியாப் போச்சு."

ஜூலை 13, ஞாயிறு

வலது பக்கம் லேசான வீக்கம். ஆறவைத்த கஞ்சி, தயிர்சாதம். உப்புத் தண்ணீர் நாலு முறை.

ஹாலில் அவர் விரித்துப் படுக்கிற பெட்ஷீட்டையும் தலையணை உறையையும் அவரே துவைத்து மொட்டை மாடியில் காயப்போட்டிருந்தார். மாலையில் மடித்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். இனி அது விருந்தாளி வந்தால் எடுக்க வேண்டியது என்றார்.

ஜூலை 19, சனி

இடது பக்கம் லேசர். பீப் சத்தத்தை எண்ண ஆரம்பித்து, நடுவில் தூங்கிவிட்டேன். டாக்டர் எழுப்பினார். இந்த நாற்காலியில் தூங்கிய முதல் ஆள் நீங்கள்தான் என்றார். ஆடுகிற கீழ்ப்பல்லைப் பக்கத்துப் பல்லோடு சேர்த்து உள்பக்கமாக மெல்லிய கம்பி வைத்துக் கட்டிவிட்டார். வெளியே தெரியவில்லை. 

திரும்பி வரும்போது அவர் டிப்போவில் நடந்த ஏதோ ஒரு கதையைச் சொல்லிக்கொண்டே வண்டி ஓட்டினார். காற்றில் பாதி காதில் விழவில்லை. ம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஜூலை 24, வியாழன்

காலையில் ரத்தம் இல்லை. சரியாகத் தேய்க்கவில்லையோ என்று இன்னொரு முறை தேய்த்தேன். இல்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. யாழினி வந்திருந்தாள். சாப்பிட்டுவிட்டு மூன்று பேரும் உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசினோம். அம்மா இவ்வளவு பேசுவாளா என்று அவள் அப்பாவைக் கேட்டாள். முன்னாலெல்லாம் பேசுவாள் என்றார். எனக்கு அரைக் கரண்டி சர்க்கரைப் பொங்கல் மட்டும்.

ஆகஸ்ட் 20, புதன்

இன்று ஸ்ருதிகாவிடம் நேராகக் கேட்டேன். மதியம் சாப்பிட்டு முடித்து டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தோம். அந்தப் புதினா மிட்டாய் எதற்கு வைத்தாய் என்றேன். அவள் குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு நின்றாள். மார்ச்சில் பாதியில் எழுந்து போன பெண்மணி முதலாளியிடம் சொல்லியிருக்கிறார். முதலாளி என்னிடம் பக்குவமாகச் சொல்லும்படி ஸ்ருதிகாவிடம் சொல்லியிருக்கிறார். அவளால் சொல்ல முடியவில்லை. அதனால் மிட்டாய். நான் அதைத் தள்ளி வைத்த பிறகு, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று முதலாளி என்னைப் பின்பக்கம் அனுப்பினார்.

சொல்லும்போது அவள் அழுதுவிட்டாள். அக்கா, உங்க இடத்தைப் பிடிச்சுக்கிட்டேன்னு நினைக்காதீங்க என்றாள். நான் குழாயை மூடினேன். நினைத்தேன்தான், இப்போது நினைக்கவில்லை என்றேன். எத்தனை பேருக்குத் தெரிந்து எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். கோபம் வந்தது. எனக்கு வேண்டியவர்கள்தான் எல்லோரும். எனக்கு வலிக்கக் கூடாது என்றுதான் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

முகக்கவசம் இல்லாமல் கடைக்குப் போனேன். முதலாளியிடம், பரிசோதனை அறைக்குத் திரும்பி வருகிறேன் சார் என்றேன். தீபாவளி கழியட்டும், பார்க்கலாம் என்றார். மேஜைமேல் இருந்த ஆர்டர் தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. திரும்பி வந்து லென்ஸ்களைச் சரிபார்த்தேன்.

செப்டம்பர் 27, சனி

மறுபடி அளந்தார்கள்.

நர்ஸ் எழுத, டாக்டர் சொல்லச் சொல்ல நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். மூன்று, இரண்டு, மூன்று. மூன்று, மூன்று, மூன்று. ஏழு இருந்த இடத்தில் நான்கு. ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஐந்து, அதை அடுத்த முறை மறுபடி சுத்தம் செய்யலாமாம். மூன்று மாதச் சர்க்கரை 6.5. கரைந்த எலும்பு திரும்ப வளராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ள மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்துகொண்டே இருக்க வேண்டும் என்றார். வருகிறேன் என்றேன். ஒரு கடைவாய்ப்பல் தவிர எல்லாம் என்னோடு இருக்கிறது. 

டவுன் பஸ்ஸில் பக்கத்தில் ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார். நெகமத்தில் சேலைத்தறி போட்டிருக்கிறாராம். அவர் மருமகளைப் பற்றிச் சொல்ல, நான் யாழினியைப் பற்றிச் சொல்ல, இரண்டு பேரும் முகத்துக்கு முகம் வைத்துப் பேசிக்கொண்டே போனதில் என் நிறுத்தம் போய்விட்டது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தேன். எப்படியும் இன்றைய நாற்பது நிமிடம் நடக்க வேண்டியிருந்தது.

அக்டோபர் 8, புதன்

நாளையிலிருந்து காலை நேரப் பரிசோதனை என்னுடையது, மாலை ஸ்ருதிகாவுடையது. எப்படி என்று எழுதுகிறேன்.

ஸ்ருதிகா ஒரு பயிற்சிக்காகக் கோயம்புத்தூர் போயிருந்தாள். மூன்று மணிக்குக் கடை ஓய்ந்து கிடந்தது. தண்டபாணி சார் என் மேஜைக்கு வந்து, படிக்கிற எழுத்து மங்குகிறது, பவர் பார்த்துவிடுங்கள் என்றார். எழுந்து போய் ஆறு மாதமாக நான் உட்காராத நாற்காலியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். அவர் எதிரே உட்கார்ந்தார். அறுபத்து மூன்று வயது, வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது.

சோதனை பிரேமை மாட்டி, முதல் லென்ஸைப் போட அவர் முகத்துக்கு அருகே குனிந்தேன். அவர் வலது கையை உயர்த்தி, மீசையைத் தடவுவது போல வாயை மூடிக்கொண்டார். மூச்சை அடக்கிக்கொண்டார். மார்பு அசையவில்லை.

அது ஏன் என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. அந்த வாசமும் தெரிந்தது. விரலிடுக்கு வழியாக வந்துகொண்டிருந்தது. என் தலை தானாகப் பின்னால் போகப் பார்த்தது. போகவிடாமல் அப்படியே நின்றேன்.

"கைய எடுங்க சார். அப்படியே மூச்சு உடுங்க. ஒன்னுமில்ல."

அவர் எடுக்கவில்லை. கண்ணாடிச் சட்டத்துக்குள் அவர் கண்கள் என்னைப் பார்த்து, பிறகு தரையைப் பார்த்தன.

"ரத்தம் வருதும்மா. ரெண்டு வருசமா. உங்கள இங்கிருந்து மாத்துனப்பவே எனக்கும் இருந்துச்சு."

தீபாவளி கழியட்டும் என்று அவர் ஆர்டர் தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னது ஏன் என்று அப்போது எனக்குப் புரிந்தது. அவர் மேல் வைத்திருந்த கோபத்தைத் தேடிப் பார்த்தேன். அந்த நேரத்தில் அகப்படவில்லை. வீட்டில் சொன்னீர்களா என்று கேட்டேன். யாரிடமும் இல்லை என்றார். ஊசி என்றால் பயம், லேசர் என்றால் அதைவிடப் பயம் என்று, அவ்வளவு பெரிய மனிதர் மெதுவாகச் சொன்னார். என்னென்ன செய்வார்கள் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். எனக்கு சர்க்கரை இருப்பதையும், பெஞ்சில் உட்கார்ந்து அழுததையும்கூடச் சொன்னேன். சனிக்கிழமை அவரை நானே அழைத்துப் போவதாக ஏற்பாடு. காலை நேரத்தை எனக்குக் கொடுத்தது கண் பார்த்து முடித்த பிறகுதான். நான் கேட்கவில்லை.

"மொதல்ல கண்ணப் பாத்துரலாம் சார். அஞ்சாவது வரி தெரியுதுங்களா?"

கை கீழே இறங்கி முழங்கால்மேல் உட்கார்ந்தது. ஐந்தாவது வரியில் இரண்டு எழுத்து தப்பு. லென்ஸைக் கழற்றிவிட்டு அதற்கு மேலான பவரைப் போட்டேன். அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார், என் முகத்தில் பட்டது. பிறகு முதல் எழுத்திலிருந்து நிதானமாகப் படித்துக்கொண்டு வந்தார்.